விடுப்பில் இருந்த அச்சுப்பொறி

இந்தக் கதை நடப்பதற்கு இன்னும் நாற்பது வருஷம் இருக்கிறது. அதற்குள் கடல் இனிக்கப் போவதில்லை, மனுஷர் மனசு மாறப் போவதில்லை, அலுவலகத்தில் பத்தரை மணித் தேநீர் நிற்கப் போவதில்லை. ஆகையால் நடந்து முடிந்தது போலவே சொல்லிவிடலாம்.

நீலமுனையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று உண்டு. அங்கே எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று பார்க்கும் பிரிவில் உலகம்மாளுக்கு முப்பத்து நான்கு வருஷ வேலை. வருகிற வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையைத் தொட்டாள். மூன்று வருஷமாக நடப்பதுதான் அன்றும் நடந்தது. ஊர்ப் பட்டியல் வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் வந்து நின்றது.

"எனது மனைவி வடிவு மாசி மாதம் ஒன்பதாம் நாள் இறைவனடி சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாங்கள் வந்திருந்து நடத்தித்தர வேண்டுகிறேன். இப்படிக்கு, அருணாசலம்."

அதன் கீழே ஒரு கேள்வி. "இந்த அழைப்பு நிலுவையில் உள்ளது. வருகிறீர்களா?" அதற்கும் கீழே மூன்று பொத்தான்கள். வருகிறேன். வரவில்லை. அச்சிடு. மூலையில் மட்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், 'பிறகு' என்று ஒன்று. உலகம்மாள் அதைத் தொட்டாள். கடிதம் போயிற்று. நாளைக்கு வரும்.

வடிவு அவள் தங்கை.

அந்தக் காலத்து அலுவலகங்களில் எல்லாக் கணினிகளையும் ஒன்றாகக் கோர்த்த வலை ஒன்று இருந்தது. சட்டத்தில் அதற்கு நீளமான பெயர். ஜனங்கள் சுருக்கமாக 'ஏடு' என்றார்கள். ஏட்டுக்குள் போன எதையும் அழிக்க முடியாது. நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தார்கள். முன்னொரு காலத்தில் ஏழைபாழைகளின் மனுவெல்லாம் மேசைக்கு மேசை போய்க் காணாமல் போகும். "ஃபைலைக் காணலையேம்மா" என்று சொன்னால் அதோடு ஒரு குடும்பத்தின் கதை முடிந்தது. அதற்கு மருந்தாகத்தான் ஏடு வந்தது. எதுவும் தொலையாது, எதுவும் அழியாது, பதில் சொல்லாத எதுவும் உன்னை விடாது. கல்யாணமோ காரியமோ, வேலையில் இருப்பவருக்கு வருகிற கடிதமெல்லாம் ஏட்டு வழியாகத்தான் வரும்.

ஏட்டைக் கட்டினவர்கள் ஒன்றே ஒன்றில் இடறிவிட்டார்கள். கருமாதிக் கடிதாசியிலும் நாள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, "வந்திருந்து நடத்தித்தர வேண்டுகிறேன்" என்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையிலும் அதே. ஆகவே இரண்டும் அழைப்பு என்று ஏடு ஒரே கட்டில் போட்டுக்கொண்டது. அழைப்பென்றால் பதில் வேண்டும். வருகிறீர்களா?

நம் ஆட்களில் யார் அதற்குப் பதில் சொல்வார்கள்? எழவு வீட்டுக்கு 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டு யாரும் போவதில்லை. அங்கிருந்து கிளம்பும்போதும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. சும்மா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். 'வருகிறேன்' என்ற பொத்தானில் கை போகாது. 'வரவில்லை' என்பதோ உலகம்மாள் விஷயத்தில் உண்மை. அவள் போகவில்லை. அந்த உண்மையைத் தன் விரலாலேயே அழுத்திச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கடிதம் வந்த அன்றைக்கு, மூன்றாவதாக இருந்த 'அச்சிடு' என்பதை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"அச்சுப்பொறி விடுப்பில் உள்ளது. பணிக்குத் திரும்பியதும் அச்சாகும்" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம், 'பிறகு'.

தேநீர் வருவதற்கு முன் உலகம்மாள் மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் சிதம்பரவேல் காலை பத்தரை வரைக்கும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவருக்குக் காலையில் வயிறு சரியில்லை என்பது அலுவலகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். பம்ப் பிரிவுப் பிச்சுமணி மட்டும், "வயிறு இல்லய்யா, வீட்டுல சண்டை" என்பான். பிச்சுமணியும் லேசுப்பட்டவன் இல்லை. காலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் திரையைத் தொடுவான். பக்திமான் என்று பேர்.

"சார், என் ஓய்வு ஆணையை எனக்குத் தாள்ல தரணும்" என்றாள் உலகம்மாள்.

சிதம்பரவேல் நிமிர்ந்தார். "தாள்லயா? எந்தக் காலத்துல இருக்கிய நீங்க?"

"விதி நூத்திப் பதினெட்டு சார். ஓய்வு பெறுகிறவர் கேட்டால் தாளில் தர வேண்டும்னு இருக்கு. இன்னும் எடுக்கலை. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இருக்கும்மா, யாரு இல்லைன்னா. ஆனா அச்சுப்பொறி பதினேழு வருஷமா லீவுல இருக்கே."

"லீவு போதும்னு திரும்பக் கூப்பிடுங்க சார். நான் இந்த முப்பத்து நாலு வருஷத்துல மொத்தமா அவ்வளவு லீவு எடுத்ததில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது போல இருந்தது. வரவில்லை. இரும்பு அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளை எடுத்தார். தாள் அப்போது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை.

"சோதனைக்கு ஒண்ணு, ஆணைக்கு ஒண்ணு. மூணாவது கேட்டா நான் எங்க போவேன்? நாளைக்கு ஆளை வரச்சொல்லுதேன்."

அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓய்வு ஆணை அவளுக்கு ஒரு சாக்கு. உண்மையான அவசரம் வேறு. விதிப்படி, ஒருவர் ஓய்வு பெற்றால் அவருடைய நிலுவையெல்லாம் அந்த நாற்காலியில் அடுத்து உட்காருகிறவருக்குப் போகும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவள் செண்பகவல்லி. சிரித்த முகம். ஐந்து மாசம். மாங்காயை உப்பில் தொட்டுக்கொண்டு, "அக்கா, நீங்க போனா எனக்கு யாரு இருக்கா?" என்று கேட்கிற பெண். திங்கட்கிழமை காலை அவள் திரையைத் தொட்டதும் முதலில் வடிவின் சாவு வந்து நிற்கும். வருகிறீர்களா என்று கேட்கும். பிள்ளையைச் சுமக்கிற பெண்ணைப் பார்த்துக் கேட்கும். இனி ஒவ்வொரு நாளும்.

அது நடக்கக்கூடாது என்று உலகம்மாள் முடிவு பண்ணியிருந்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜெபசிங் வந்தான். வலைக்குச் சாமான்களை இணைத்துக் கொடுக்கிற வேலை. முப்பத்தைந்து வயது, தோளில் ஒரு பை, காதில் ஒரு பென்சில். உலகம்மாள் அவனைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், துணி போர்த்தி, அச்சுப்பொறி இருந்தது. துணியை எடுத்ததும் இரண்டு பல்லிகள் ஓடின.

"யம்மாடி" என்றான் ஜெபசிங். "இதையா அக்கா வலையில சேக்கணும்? இது எங்க அய்யா காலத்துச் சாமான்."

"முடியாதா?"

"முடியாதுன்னு சொல்லலை. இதுக்கு ஏட்டோட பாஷை தெரியாது. நடுவுல இந்தப் பெட்டியை வெச்சா அது பேசிக்கும்." பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினான். "கேபிளை இதுல மாட்டி, இதை வலையில மாட்டினா, ஏடு முதல்ல கேக்கும், யாரு நீன்னு. அதுக்குச் சரியா பேரு சொல்லணும். பேரு சொன்னா ஒரு முகவரி கொடுக்கும். முகவரி கிடைச்சா வேலை முடிஞ்சுது."

இருவருமாக அதைத் தூக்கி வந்து உலகம்மாள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவன் கருப்புத்தூள் டப்பாவை உருவி, குழந்தையைக் குலுக்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டினான். உருளைகளை ஈரத்துணியால் துடைத்தான். கேபிளைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. செண்பகவல்லி கையைத் தட்டினாள். திரையில் ஏடு கேட்டது: "புதிய சாதனமா? ஏற்கெனவே உள்ளதா?"

ஜெபசிங் 'புதிய' என்பதைத் தொடப்போனான். "என்ன ஆகும்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"புதுசுன்னா புதுப் பேரு வெக்கலாம். பழைய வில்லங்கம் ஒண்ணும் வராது. ஆனா தலைமை அலுவலகத்துல ஒப்புதல் வாங்கணும். ரெண்டு மாசம்."

"எனக்கு நாளையோட சரி, தம்பி."

"அப்ப பழைய பேருலதான் திரும்பச் சேக்கணும். அதுக்கு ஒப்புதல் வேண்டாம். ஆனா..." பென்சிலால் தலையைச் சொறிந்தான். "இது லீவுல இருந்தப்ப யாராவது அச்சிடச் சொல்லியிருந்தா, அதெல்லாம் வரிசையில அப்படியே நிக்கும். ஏடு எதையும் அழிக்காதுல்லா? முதல்ல நின்னது முதல்ல வரும்."

உலகம்மாளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "ஒண்ணே ஒண்ணு நிக்கும்" என்றாள் மெதுவாக. "என்னோடது."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் செண்பகவல்லியைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டுச் சொன்னாள். "கருமாதிக் கடிதாசி. எங்க பக்கத்துல அதை வீட்டுக்குள்ள வெச்சுக்க மாட்டோம். வாசல்லயே நின்னு படிச்சுட்டு, கிழிச்சுப் போட்டுட்டு, கைகால் கழுவிட்டுத்தான் மறு வேலை. இது மூணு வருஷமா தினமும் என் கண்ணு முன்னால வருது. திரையைக் கிழிக்க முடியுமா?"

"தாள்ல எறங்கினா ஏட்டுல இருக்காதுக்கா" என்றான் அவன். "அது உங்களுக்குத் தெரியும்லா? ஒரு சமாச்சாரம் ஒரு இடத்துலதான் இருக்கலாம். நகல் இருந்தா போர்ஜரி பண்ணுதாங்கன்னு சட்டம் போட்டாங்க. எறக்கினா எறக்கினதுதான். அங்க தேடினாலும் கிடைக்காது."

"தெரியும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"யாருக்கா? கடிதாசி?"

"தங்கச்சி."

மீதியை அவளே, கேட்காமலே, சொன்னாள். வடிவு நாற்பத்திரண்டு வயசில் ஒரு நாள் வந்து, "எக்கா, எனக்கு ஒரு துணை வேணும்னு தோணுது. நல்ல மனுஷரா இருக்காரு. நீ வந்து பக்கத்துல நின்னா போதும்" என்றாள். "ஊரு சிரிக்கும்ட்டீ. இந்த வயசுல உனக்கு மாலை கேக்குதா?" என்றாள் உலகம்மாள். வடிவு பாதி குடித்த காப்பியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லலை தம்பி. எழவு வீட்டுல இருந்து போற மாதிரி போனா. தெருமுக்குல திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பாக்கலை. எட்டு மாசத்துல மூளைக் காய்ச்சல். அந்த மனுஷருக்கு என் வீடு தெரியாது. ஆபீசுக்கு அனுப்பினாரு. எந்த முகத்தோட போவேன்? வருகிறீர்களான்னு கேட்டுட்டே இருந்துது. பதினாறாம் நாளும் போயிருச்சு."

ஜெபசிங் திரையின் பக்கம் திரும்பி, 'ஏற்கெனவே உள்ளது' என்பதைத் தொட்டான். அச்சுப்பொறியின் முதுகில், தூசிக்கடியில், யாரோ எப்போதோ எழுதி ஒட்டின பெயர் இருந்தது. அதைப் பார்த்து அடித்தான். நீலமுனை அச்சு இரண்டு. ஏடு கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது: "நீலமுனை அச்சு இரண்டு, விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பியது."

"வரிசையைத் தொறக்குறதுக்கு முன்னால ஒரு சோதனைப் பக்கம் போட்டுப் பாத்துருவோம். நீங்களே அடிங்கக்கா. எதை வேணும்னாலும் அடிக்கலாம். சோதனைப் பக்கம் மட்டும் பதிவுல சேராது. ஏடு அதை ஏறெடுத்தும் பாக்காது. ஜனங்க அ ஆ இ ஈன்னு அடிப்பாங்க."

"பாக்காதா?"

"உலகத்துலயே ஏட்டுக்குத் தெரியாத தாள் அது ஒண்ணுதான்."

உலகம்மாள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கை மடியிலேயே இருந்தது. பிறகு ஒற்றை விரலால் என்னவோ அடித்தாள். ஜெபசிங் நாகரிகமாக ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான். அச்சுப்பொறி தொண்டையைச் செருமிற்று, இரண்டு தடவை முனகிற்று, சூடாக ஒரு தாளைத் தள்ளிற்று. அவள் எடுத்துப் பார்த்தாள். நாலாக மடித்தாள். கைப்பையில் வைத்தாள்.

"தெளிவா விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"அப்ப வரிசையைத் தொறக்கேன்." தொட்டான். தொட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன தம்பி?"

"எக்கா, ஒண்ணு இல்ல. நாப்பத்து மூணு நிக்கு. உங்க ஆணையோட சேத்தா நாப்பத்து நாலு."

அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அச்சுப்பொறி மீதியிருந்த ஒரே தாளை, அவளுடைய ஓய்வு ஆணைக்கென்று வைத்திருந்த அந்தத் தாளை, கரகரவென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வெளியே தள்ளியபோது அதில் அவளுடைய பெயர் இல்லை. "எமது அன்னையார் சொர்ணம் அம்மாள்" என்று ஆரம்பித்தது. பெறுநர்: சிதம்பரவேல், இளநிலை உதவியாளர். பதினாறு வருஷத்துக்கு முந்தின தேதி.

"தாள் இல்லை" என்று சிவப்பு விளக்கு எரிந்து, கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

சத்தத்துக்கு மேலாளர் வெளியே வந்தார். பத்தரை ஆகவில்லை. முகம் காலை முகம்.

"என்ன இரைச்சல் இங்க? ஆணை வந்துச்சா இல்லையா? அந்த ரெண்டாவது தாளு எங்க?"

உலகம்மாள் இரண்டு கையாலும் தாளை அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதல் வரியைப் படித்தார். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அது மனப்பாடம்.

"இது..." என்றார். "இது தினமும் காலையில..."

"எனக்கும் வருது சார்" என்றாள் உலகம்மாள்.

"உங்களுக்குமா?"

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். அவருக்கு வயிறு சரியில்லை என்று அவளும் சிரித்திருக்கிறாள். எனக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி வருகிறது, நான் மட்டும்தான் பதில் சொல்லத் தெரியாமல் 'பிறகு', 'பிறகு' என்று ஓடுகிறேன் என்று அவரவர் தனித்தனியாக வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"வேற யாரு பேரெல்லாம் இருக்கு?" என்று கேட்டார் சிதம்பரவேல்.

ஜெபசிங் திரையைப் பார்த்துப் படித்தான். "ஆவுடையப்பன், காவல். மரகதம், ஆய்வுக்கூடம். பிச்சுமணி, பம்ப் பிரிவு. பிச்சுமணி, பம்ப் பிரிவு. மறுபடியும் பிச்சுமணி..."

"மூணா?" என்றாள் உலகம்மாள். பிச்சுமணி கண்ணை மூடிக்கொண்டு திரையைத் தொடுவது நினைவுக்கு வந்தது. பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. மூலையில் 'பிறகு' இருக்கும் இடத்தை அவன் கையாலேயே பழகி வைத்திருந்தான்.

மேலாளர் விறுவிறுவென்று தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் தடித்த ஒரு பழைய நோட்டு இருந்தது. ஏடு வருவதற்கு முந்தின காலத்து வருகைப் பதிவேடு. தினமும் காலையில் ஆட்கள் வந்ததற்குக் கையெழுத்துப் போடுவது. அதில் பின்பாதி எழுதாமல் வெறுமையாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து, நாள், பெயர், வருகை என்று கோடு போட்ட வெற்றுப் பக்கங்களை அவரே ஒவ்வொன்றாக வெட்டினார்.

"சார், அது அலுவலக ஆவணம்" என்றான் ஜெபசிங், பயந்துபோய்.

"எழுதாத பக்கம் ஆவணம் இல்ல தம்பி. நீ போடு."

பத்தரை மணித் தேநீர் வந்து ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை. செய்தி பம்ப் பிரிவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரமாக நின்றார்கள். அச்சுப்பொறிக்கு வயசாகிவிட்டது. ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம் எடுத்தது. தாள் விழுந்ததும் ஜெபசிங் பெயரை மட்டும் வாசிப்பான். பெயருக்குரியவர் வந்து வாங்கிக்கொள்வார். காவல் ஆவுடையப்பன் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார். மரகதம் வாங்கி, படிக்காமலே நெஞ்சில் வைத்து அழுத்தினாள். பிச்சுமணி மூன்று தாளையும் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினான். "எங்க அண்ணன், மதினி, அவுங்க மவன்" என்று பொதுவாக எல்லாரிடமும் சொன்னான். "ஒரே வேன்ல போனாங்க." அலுவலகத்தில் அவனைக் கேலி பண்ணாதவர்கள் இல்லை. மேலாளர் அவன் தோளில் கையை வைத்தார். எடுக்கவில்லை.

செண்பகவல்லியை அந்தப் பக்கம் வரவிடாமல், ஆய்வுக்கூடத்துப் பெண்கள் அவளைக் கடற்கரைப் பக்கத்து வராந்தாவில் உட்காரவைத்து, பேறுகாலத்துக்கு அம்மா வீடா மாமியார் வீடா என்று வாயைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாற்பத்தோராவது தாள் விழுந்தது. ஜெபசிங் வாசிக்கவில்லை. எடுத்து உலகம்மாள் கையில் கொடுத்தான்.

கோடு போட்ட வருகைப் பதிவேட்டுத் தாள். 'வருகை' என்று அச்சடித்த கட்டத்துக்கு நேராக, வடிவு என்ற பெயர் வந்து விழுந்திருந்தது.

அவள் வாசலுக்குப் போனாள். அலுவலக வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் தாளை ஒரு தடவை படித்து, குறுக்கே கிழித்து, மறுபடியும் கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போனார்கள். அங்கே வரிசை நின்றது. பிச்சுமணி முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினான். மேலாளர் வேட்டியை மடித்துக்கட்டி, பிள்ளையைப் போலக் காலை நீட்டி நீட்டிக் கழுவினார். கடலிலிருந்து அவர்களே எடுத்து இனிப்பாக்கின தண்ணீர்.

உலகம்மாள் வாய்விட்டுப் படித்தாள். தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தாங்கள் வந்திருந்து நடத்தித்தர வேண்டுகிறேன்." அந்த மனுஷர் என்ன மரியாதையாக எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் பட்டது. மூன்று வருஷமாகக் கேள்வியைத்தான் பார்த்தாள். கடிதத்தைப் பார்க்கவில்லை. இவரோடு ஒரு எட்டு மாசம் வடிவு நன்றாகத்தான் இருந்திருப்பாள். கிழித்தாள். சத்தம் சின்னதாகத்தான் வந்தது. கைகால் கழுவினாள்.

உள்ளே வந்தபோது கடைசித் தாளாக அவளுடைய ஓய்வு ஆணை விழுந்திருந்தது. அதுவும் கோடு போட்ட தாளில்தான். மேலாளர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வெள்ளைத் தாள்ல தர முடியலை, மன்னிச்சுக்கோங்க" என்றார்.

"இதுதான் சார் நல்லாருக்கு. வந்ததுக்கு அத்தாட்சி."

ஜெபசிங் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கொஞ்சம் தயங்கினான். "எங்க வீட்டுல கிழிக்கிற பழக்கம் இல்லைக்கா. நினைவுக் கூட்டம்தான். ஆனா எங்க ஆபீஸ்லயும் ஒரு மெஷின் லீவுல இருக்கு. எங்க அய்யாவோட நினைவுக் கூட்டத்துக்கு வந்த கடிதாசிக்கு நானும் அச்சிடுன்னு ஒரு தடவை..." முடிக்கவில்லை.

"பேரு என்னன்னு அதோட முதுகுல பாரு, தம்பி" என்றாள் உலகம்மாள். "பழைய பேருலயே கூப்பிடு. வந்துரும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் திரையைத் தொட்டாள். "நிலுவை ஏதுமில்லை" என்றது ஏடு. உடனே ஊர்ப் பட்டியல் வந்துவிட்டது. அவள் விரல் மட்டும் பழக்கத்தில் மூலைக்குப் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் முதல் ஆளாக வந்து நின்றவள் வடிவுதான். கேள்வி போயிற்று என்றால் பெயரும் போயிற்று. அன்றைக்குச் சிதம்பரவேல் பத்து மணிக்கே எல்லாரிடமும் சிரித்துப் பேசினார் என்பதையும் சொல்லவேண்டும்.

மாலையில் செண்பகவல்லி அவளுக்கு மல்லிகைச் சரம் வைத்துவிட்டாள். "நாற்காலியில ஏதாவது மிச்சம் வெச்சிருக்கியளா அக்கா, எனக்கு?"

"ஒண்ணும் வெக்கலைம்மா. சுத்தமா இருக்கு. உட்காரு."

எல்லாரும் வாசல் வரை வந்தார்கள். "போயிட்டு வாரேன்" என்றாள் உலகம்மாள். "போயிட்டு வாங்க" என்றார்கள், பிச்சுமணி எல்லாரையும் விட உரக்க.

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கடல் கூடவே வந்தது. அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். கருமாதிக் கடிதாசியைத்தான் வைத்துக்கொள்ளக் கூடாது. இதை வைத்துக்கொள்ளலாம். மேலே அச்சுப்பொறி தானாகப் போட்ட வரி இருந்தது: "சோதனைப் பக்கம். பதிவில் சேராது." அதற்குக் கீழே, நடுத்தாளில், அவள் ஒற்றை விரலால் அடித்தது:

"ஏட்டி வடிவு, போயிட்டு வா."